ரவை வாங்கப் போன கதை

எனக்குத் தெரிந்த முதல் துப்பாக்கி தீபாவளிக்கு வருவது. சுருள் கேப் மாட்டிப் பத்து முறை சுட்டால் ஆறு முறை வெடிக்கும். மீதி நாலு முறை நாமே வாயால் 'டப்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, சித்திரைத் திருவிழாவில் பலூன் கடைத் துப்பாக்கி. அதன் குழாய் எந்தப் பக்கம் கோணல் என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். நான் சிவப்புப் பலூனைக் குறிபார்த்தால் பக்கத்துக் கடையில் வளையல் உடையும். இந்த இரண்டு அனுபவங்களை வைத்துக்கொண்டு, ஐம்பது வயதில், ஓஹியோவில் உட்கார்ந்து பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிக்க எனக்கு ஏன் ஆசை வந்தது என்று என் மனைவி இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறாள். விசாரணை அவள் ரத்தத்தில் ஊறியது. அவளுடைய அப்பா ஏட்டு.

ஆசையை மூட்டியவர் என்னோடு வேலை பார்க்கும் ஓர் அமெரிக்கர். அவருடைய பேஸ்மென்ட்டில் ரஷ்யாவின் மோசின் நாகன், ஸ்வீடனின் மவுசர் எல்லாம் வரிசையாக நிற்கும். புதுத் துப்பாக்கி பக்கமே போகமாட்டார். பழைய ராணுவத் துப்பாக்கி தன் சுயசரிதையை உடம்பிலேயே பச்சை குத்தி வைத்திருக்கும் என்பார். எந்த ஆலை, எந்த வருடம், எந்த ராஜா, பிறகு எந்த நாட்டுக்காரன் பிடுங்கினான் என்று எல்லாவற்றுக்கும் ஒரு முத்திரை. பின்லாந்துப் படை கையில் போன மோசின் நாகனில் சின்னப் பெட்டிக்குள் எஸ்.ஏ. என்று குத்தியிருக்கும். அதைத் தடவிக் காட்டும்போது அவர் கண் கலங்கும்.

மற்றபடி அவர் பேச்சு முழுக்க, பவுன் 200 ரூபாய்க்கு விற்ற காலத்தைச் சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்கள் பேச்சுத்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நாடுகள் மிச்சத் துப்பாக்கிகளைக் கப்பல் கப்பலாக விற்றன. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் பணம் அனுப்பினால் துப்பாக்கி பார்சலில் வந்தது. லீ ஹார்வி ஆஸ்வால்ட் 1963இல் அப்படித்தான் ஓர் இத்தாலியத் துப்பாக்கியை, தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட், தபால் செலவு ஒன்றரை டாலர் என்று வரவழைத்தான். கென்னடியைச் சுட்டது அதில். 1968இல் சட்டம் வந்து அந்தக் கதவை மூடியது. எண்பதுகளில் அது மறுபடி திறந்தது. பிற்பாடு கிரீஸில் ஊறிய மோசின் நாகன்கள் பெட்டிக்கு இருபதாக வந்து இறங்கின. ஒன்று நூறு டாலருக்கும் கீழே.

அந்தப் பொற்காலத்தில் நானும் இங்கேதான் இருந்தேன். ஆனால் எச்-1பி விசாக்காரன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது மத்திய சட்டம். விலக்கு உண்டு, வேட்டை லைசென்ஸ் வாங்க வேண்டும். கொசுவைத் தவிர வேறெதையும் கொன்றறியாதவன் என்ன லைசென்ஸ் வாங்குவது? கிரீன் கார்டு வரிசையில் பன்னிரண்டு வருடம் நின்றேன். கார்டு கைக்கு வந்தபோது மோசின் நாகன் முந்நூறைத் தாண்டியிருந்தது.

இப்படி ஏங்கிக் கிடந்த ஒரு நாளில்தான், சேன்ஸ்வில்லுக்குச் சற்று முன்னால், ரூட் 40 ஓரத்தில் அந்த அடகுக்கடைக்குள் நுழைந்தேன். கிடார், செயின்சா, துப்பாக்கி, கல்யாண மோதிரம் என்று ஒரு குடும்பம் சரிகிற வரிசையிலேயே சாமான்களை அடுக்கியிருந்தார்கள். துப்பாக்கி வரிசையில் எல்லாம் நீட்டு மூக்கு. ஒன்று மட்டும் சப்பை மூக்கு.

அந்த மூக்கை எனக்குத் தெரியும். ஊரில் கருவூல வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரரின் முழங்கால்களுக்கு நடுவே அதைப் பார்த்திருக்கிறேன். தேர்தலன்று பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பார்த்திருக்கிறேன். திரீ நாட் திரீ! லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்ட் என்ற ஊரில் ஆயுத ஆலை. அங்கே செய்ததால் லீ-என்ஃபீல்ட். அந்த ஆலைக்கு உதிரிப் பாகம் செய்து கொடுத்த சைக்கிள் கம்பெனிதான் பேரில் ராயல் என்ஃபீல்டைச் சேர்த்துக்கொண்டு, பிற்பாடு நம் திருவொற்றியூரில் புல்லட் செய்தது. இன்ஸ்பெக்டர் ஏறி வந்ததும் ஏட்டு தூக்கி நின்றதும் ஒரே குலம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கிட்டப் போய்ப் பார்த்தேன். மேகசின் சதுரமாக இருந்தது. அப்படியானால் இது திரீ நாட் திரீ இல்லை, அதன் தம்பி. 1962இல் சீனாவோடு சண்டை வந்தபோது நம் ஜவான்கள் கையில் இருந்தது பழைய .303. அந்த அடி விழுந்த கையோடு, கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலிருக்கும் இஷாப்பூர் ஆலையில், அதே உருவத்தில், ஆனால் புதிய 7.62 தோட்டா போடும்படி ஒன்றைச் செய்தார்கள். பெயர் 2ஏ. அதன் சைட்டில் 2000 மீட்டர் வரை தூரக் கணக்கு இருக்கும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்பவன் எதிரியா, எருமையா என்றே தெரியாது என்று யாரோ எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். 1965இல் அதை 800ஆகக் குறைத்து, பெயரை 2ஏ1 என்று மாற்றிவிட்டார்கள். அமெரிக்காவில் கண்ணில் படுவதெல்லாம் 2ஏ1தான். 2ஏ வந்தது கொஞ்ச காலம். கிடைப்பது அபூர்வம்.

விலைச்சீட்டில் 2ஏ1, 225 டாலர் என்று எழுதியிருந்தது. இறக்குமதி செய்தவர்கள் பேரலில் குத்தியிருந்ததும் அதுவே. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சைட்டைப் பார்த்தேன். 2000.

முகத்தை உடனே மாற்றிக்கொண்டேன். இதில் எனக்குப் பயிற்சி உண்டு. சந்தையில் நல்ல கத்தரிக்காயைக் கண்டதும் ஏதோ செத்த எலியைக் கண்டதுபோல் முகம் சுளிக்கும் அம்மாவுக்கு மூத்த மகன் நான்.

"அது இந்தியாவில் செய்தது" என்றார் கடைக்காரர், துக்கச் செய்தி சொல்கிற குரலில். "தப்பாக நினைக்காதீர்கள். பழைய .303க்குப் பேரலை மட்டும் மாற்றி ஒப்பேற்றியிருக்கிறார்கள். சுட்டால் முகத்திலேயே வெடிக்கும் என்று பேச்சு."

சுத்தப் பொய். பேரலை மாற்றி ஒப்பேற்றியதல்ல. புதிய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்க வேண்டுமென்றே நல்ல எஃகில் புதிதாகச் செய்தது. இதைச் சொல்ல வாய் திறந்தேன். இஷாப்பூர்த் தொழிலாளர்களின் மானம் என் நாக்கு நுனியில் நின்றது. ஒரு பக்கம் நாட்டுப்பற்று. இன்னொரு பக்கம் விலை இன்னும் இறங்கக்கூடும் என்ற நம்பிக்கை.

"நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்" என்றேன்.

ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. எங்கள் ஊர்ச் சரக்கை எங்கள் ஊர்க்காரனே நம்பமாட்டான் என்றேன். சில பாலங்களுக்குத் திறப்பு விழாவும் இடிந்து விழும் விழாவும் ஒரே பந்தலில் முடிந்துவிடும் என்றேன். ஆணி அடித்தால் சுத்தியல்தான் உள்ளே இறங்கும் என்றேன். கடைசியில் கடைக்காரரே பொறுக்காமல், "அப்படிச் சொல்லாதீர்கள், என் பல் டாக்டர் இந்தியர்தான், நன்றாகவே பார்க்கிறார்" என்று என் தாய்நாட்டுக்காக வாதாட வேண்டியதாயிற்று. ஒரு மணி நேரத்தில் தேசத்தை 45 டாலருக்கு விற்றேன். 180க்கு முடிந்தது.

பிறகு 4473 என்ற படிவம். இனிஷியல் என்றால் என்ன என்று இருபது வருடமாக இந்த நாட்டுக்கு விளக்கிக் களைத்தவன் நான். பாஸ்போர்ட் குழப்பத்தில் அலுவலகத்தில் எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் வாங்க வேண்டிய பாராட்டும் திட்டும் எனக்கு வருகின்றன. ஆனால் இந்தப் படிவம் தமிழனுக்கென்றே அடித்தது. நடுப்பெயர் இல்லாதவர் என்.எம்.என். என்று எழுத வேண்டும். வெறும் இனிஷியல் மட்டும் உள்ளவர் அதன் பக்கத்தில் ஐ.ஓ. என்று எழுத வேண்டும். இனிஷியலை இவ்வளவு மதித்து விதி போட்ட துறை துப்பாக்கித் துறை ஒன்றுதான்.

மதித்தார்களே தவிர நம்பவில்லை. எஃப்.பி.ஐ. சோதனையில் 'தாமதம்' என்று பதில் வந்தது. மூன்று வேலை நாள் பொறுக்க வேண்டும். பிரசவ அறைக்கு வெளியேகூட நான் அவ்வளவு நடந்ததில்லை. கடைக்காரர் சும்மா இருக்கும் நேரத்தில் சைட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டால்? விவரம் தெரிந்தவன் எவனாவது உள்ளே வந்து 500 என்று சொல்லிவிட்டால்? வெள்ளிக்கிழமை மாலை அனுமதி வந்தது. காரை எடுக்கும்போதே மனைவி கூப்பிட்டாள்.

"வரும்போது ரவை வாங்கிட்டு வாங்க. அப்பாவுக்கு ராத்திரி உப்புமா."

நீளமான அட்டைப்பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தேன். மாமா கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். தென்மாவட்டம் ஒன்றில் 34 வருடம் போலீஸ் வேலை. மகள் சிட்டிசன் ஆனதும் அவருக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது. சிட்டிசனின் பெற்றோருக்கு வரிசையே கிடையாதாம். நான் பன்னிரண்டு வருடம் நின்ற இடத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

பெட்டியைத் திறந்தேன். மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"யாரு குடுத்தா மாப்ள இத?"

"கடையில வாங்கினேன் மாமா."

"கடையிலயா?" காதில் விழுந்ததை நம்பாமல் அப்படியே நின்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டப்படி நம் ஊரில் இது தடை செய்யப்பட்ட ரகம். ராணுவத் தோட்டா போடும் துப்பாக்கியைச் சாதாரண ஆள் வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் உள்ள மிராசுதார்களுக்காகவே இதே உருவத்தில் .315 என்று தனியாக ஒன்றை அரசாங்க ஆலை செய்து விற்கிறது. இந்தியாவில் செய்ததை இந்தியன் சொந்தமாக்கிக்கொள்ள ஓஹியோவுக்கு வர வேண்டியிருக்கிறது.

மாமா அதைக் கையில் வாங்கினார். வாங்கிய விதத்திலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் அதைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டிருந்தேன். அவர் குடையை வாங்குவதுபோல் வாங்கினார். குழலைத் தரைப் பக்கம் திருப்பி, போல்ட்டை இழுத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு கட்டை விரலால் பட்டின் அடியில் எதையோ தள்ளினார். ஒரு சின்ன மூடி திறந்தது. அப்படியொரு அறை இருப்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கிய எனக்கும் தோன்றவில்லை. உள்ளே, குழலைத் துடைக்கச் சுருட்டி வைத்த புல் த்ரூ கயிறும் எண்ணெய்க் குப்பியும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"ஐட்டம் சரியா இருக்கு" என்றார். "ரசீது எங்க?"

கொடுத்தேன். எண்ணை எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தார். 180ஐ மனசுக்குள் ரூபாயாக்கி, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"பாராவுல இதக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறப்ப, எவனாச்சும் வந்து இதத் தூக்கிட்டுப் போயிட்டா தேவலன்னு எத்தன நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா? நீங்க காசு குடுத்துக் கொண்டாந்திருக்கீங்க."

பயனெட் கிடைக்கவில்லை, அது மட்டும்தான் குறை என்றேன். பழைய தமிழில் பயனெட்டுக்குத் துப்பாக்கிச் சனியன் என்று பெயர். இந்தத் தகவலையும் ஆர்வத்தில் சொல்லிவைத்தேன். "சனியன்தான் ஏற்கனவே வந்தாச்சே" என்றபடி மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். "ரவை எங்க?"

"அது தனியா வாங்கணும். ஒண்ணு ஒரு டாலருக்கு மேல ஆகும்."

துப்பாக்கிக் குண்டுக்கும் ரவை என்றுதான் பெயர், இலங்கைப் பத்திரிகைகளில் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். முடிக்கவில்லை. அன்று இரவு எல்லோருக்கும் ரொட்டி.

மறுநாள் காலையில் என் மகளின் கணக்கு நோட்டு ஒன்று பதிவேடாக மாறியிருந்தது. தேதி, ஆயுத எண், வெளியே எடுத்த நேரம், உள்ளே வைத்த நேரம், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. என் துப்பாக்கியை என் அலமாரியிலிருந்து எடுக்க நான் கையெழுத்துப் போட வேண்டும். உத்தரப்பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு .303க்கு விடை கொடுத்துவிட்டதாம். மாமா இன்னும் கொடுக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் நான் பணக்காரன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். கராஜ் முழுக்க தின்னர் வாடை. அதோடு தேங்காய் எண்ணெய் மணம். மாமா பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் 2ஏ, தைப்பூசத்துக்குத் துலக்கிய குத்துவிளக்குபோல மின்னியது.

பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கு வேதம் ஒன்றே ஒன்று: துடைக்காதே. அழுக்கும் கீறலும் மங்கிய பூச்சும்தான் விலை. இஷாப்பூர்க்காரர்கள் இரும்பின்மேல் தடவிய கறுப்புப் பெயின்ட் அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் அது அறுபது வருடத்து அசிங்கம். அதை மாமா பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் கொண்டு ஒரே மதியத்தில் தீர்த்திருந்தார்.

"இன்ஸ்பெக்‌ஷன்னு யாராச்சும் வந்தா அந்தக் கருப்பு அப்பலோட காட்ட முடியுமா?" என்றார், பாராட்டை எதிர்பார்த்து. "இங்க பாருங்க, எழுத்தெல்லாம் எவ்ளோ தெளிவா வந்திருச்சு."

பார்த்தேன். பெயின்ட் அடைத்து மூடியிருந்த இடத்தில் அசோகச் சிங்கம், அதன் கீழே ஆர்.எஃப்.ஐ., 1964, 7.62 எம்.எம். 2ஏ. பின்னால் ஒட்டுப்போட்ட '1' எதையும் காணோம்.

பேஸ்மென்ட்காரரை வரவழைத்தேன். அவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். இந்தக் குலத்தில் பொருத்தம் பார்ப்பது நம் ஜோசியர்களைவிடக் கடுமை. உடலில் இருக்கும் எண்ணும் போல்ட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பேரல், சைட், அந்தச் சப்பை மூக்கு என்று பார்த்துக்கொண்டே போவார்கள். ஒன்று தட்டினால் சம்பந்தம் அவ்வளவுதான். எல்லாம் பொருந்தியது. நிமிர்ந்தவர், சாவு வீட்டில் கையைப் பிடிப்பதுபோல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அசல் 2ஏ. போன வாரம் காட்டியிருந்தால் நானே ஆயிரம் கொடுத்திருப்பேன்."

"இப்போது?"

மோந்து பார்த்தார். "இது என்ன, தேங்காயா? நூற்றைம்பது."

பெயின்ட்டைச் சுரண்டாமல் அது 2ஏ என்று உறுதிப்பட்டிருக்காது. சுரண்டியதால் உறுதிப்பட்டும் பயனில்லை. இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் நான் நின்றபோது, மாமா அவருக்கு உபசாரமாக, வீட்டில் வேறு துப்பாக்கிகள் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், துடைத்துத் தருகிறேன் என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை.

விலை போனபின் சுடத் தயக்கம் இல்லை. 20 ரவை கொண்ட பெட்டி ஒன்று வாங்கினேன். மாமா அதைத் திறந்து எண்ணி, 'வரவு 20' என்று பதிவேட்டில் எழுதியபிறகே கிளம்பினோம். ஊருக்கு வெளியே ஒரு ரேஞ்ச். குளிரில் மங்கி கேப் மாட்டிக்கொண்டு ஒருவர் வந்தால் அமெரிக்கர்கள் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். அதிலும் மாமா படுத்துச் சுட்டே பழகியவர். முழங்கால் வலிக்கும், மேஜையில் உட்கார்ந்தே சுடுங்கள் என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது. ஐந்து சுட்டார். வேலையில் இருந்தபோதும் வருடத்துக்கு ஒரு தரம், சுடும் பயிற்சியில் மட்டும்தான் சுட்டிருக்கிறார். ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள் ஓர் உள்ளங்கை அகலத்தில் விழுந்திருந்தன. தோளைத் தேய்த்தபடி, "பழைய உதையேதான்" என்றார். எனக்கு அது அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத சிரிப்பு.

மீதிப் பதினைந்தும் நான். பக்கத்து மேஜைக்காரர் தன் தாளைக் கழற்றி வந்து, இத்தனை ஓட்டை தனக்கு எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் வளையல் கடையை நினைத்துக்கொண்டேன்.

காலித் தோட்டாக்களைப் பொறுக்கினோம். பத்தொன்பது.

"இன்னொண்ணு எங்க மாப்ள?"

"போனாப் போகுது மாமா. இங்க யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் முழந்தாளிட்டுவிட்டேன். எண்பதுகளில் ஒரு வருடம், பயிற்சி முடிந்து எண்ணிப் பார்த்தால் ஒரு காலித் தோட்டா குறைகிறதாம். ஆர்மரர் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார். மொத்தப் படையும் வெயிலில் தரையைத் தடவியது. கருவேல முள் எல்லார் கையிலும். இருட்டுகிற நேரம், மலையடிவாரத்தில் விசில் சத்தம் கேட்டிருக்கிறது. ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் அதை உதட்டில் வைத்து ஊதிக்கொண்டிருந்தானாம். ஒரு பொட்டலம் காராச்சேவு கொடுத்து மீட்டார்கள்.

கதையைச் சொல்லிக்கொண்டே மாமா பனிச்சேற்றை விரலால் கிளறினார். நாங்கள் ஏதோ வைரத்தைத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்துப் பக்கத்து மேஜைக்காரரும் குனிந்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்து, தன்னுடைய காலித் தோட்டாக்களில் ஒரு கை நிறைய அள்ளி நீட்டினார். "எத்தனை வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்."

மாமா ஒன்றை எடுத்து அடியில் இருந்த எழுத்தைப் பார்த்தார். நம் பெட்டியிலிருந்த ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வேற கம்பெனி" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

ரேஞ்ச் மூடும் நேரமாயிற்று. அந்தக் கோடியில் நின்ற ஊழியர், எல்லோரும் கிளம்புங்கள் என்று நீளமாக ஒரு விசில் ஊதினார்.

மாமா சட்டென்று நிமிர்ந்தார்.

"மாப்ள, அந்தாளு எத வெச்சு ஊதுறான்னு போய்ப் பாருங்க."